பார்த்தால்தான் கையெழுத்து

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயர் ஏதாவது காகிதத்தில் இருந்தால், ஏன் இருக்கிறது, யார் எழுதினது, எதற்கு எழுதினது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஸ்டோர்ஸ் மேடம். நான் சில சமயம் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். அப்படிக் கூப்பிடுகிற நாளில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். இவனுக்கு நம்மிடம் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

கே.ஆர்.புரம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் எங்கள் கம்பெனி. ராணுவத்துக்கு வேலை செய்கிற கம்பெனி என்றதும் ஜனங்கள் பீரங்கி, ஏவுகணை என்று கண்ணை விரிப்பார்கள். நாங்கள் செய்தது ரேடாருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. பச்சை பெயின்ட் அடித்தது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். சின்னக் கம்பெனிதான், ஆனால் பங்குச் சந்தையில் இருந்தது. நான் அங்கே நிதிப் பிரிவில் துணை மேலாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு விற்றோம், எவ்வளவு லாபம், இனி எவ்வளவு வளருவோம் என்று பங்குதாரர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. விற்றதைக் கூட்டிவிடலாம். வளரப்போவதை எழுதத்தான் இரண்டு நாள் ஆகும்.

அவர் பொறுப்பில் இருந்தது பின்பக்கத்து ஸ்டோர்ஸ். செய்து முடித்த பெட்டிகள் அங்கே வந்து சேரும், அங்கிருந்து லாரி ஏறும். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். அப்பா சுரங்கத்தில் இறங்கினவர், வீட்டுக்காரரும் சுரங்கம் மூடுகிற வரைக்கும் இறங்கினவர். மூடின பிறகு அந்த ஊரில் பாதிப் பேருக்கு மாரிக்குப்பம் வண்டியில் ஏறி இந்தப் பக்கம் வந்தால்தான் பிழைப்பு. எங்கள் அசெம்பிளி லைனில் ஒயர் பற்றவைக்கிற காண்ட்ராக்ட் பெண்கள் பன்னிரண்டு பேரும் அதே வண்டியில் வருகிறவர்கள், அவர் கேட்டு வேலைக்குச் சேர்த்தவர்கள். காலையில் பதிமூன்று பேரும் ஒன்றாகக் கேட்டுக்குள் நுழைவார்கள், சாயங்காலம் ஒன்றாகப் போவார்கள். அவர் வெளியே வருகிற வரைக்கும் பெண்கள் பையோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் சேர்ந்த புதிதில், ஸ்டோர்ஸில் நாற்பத்திரண்டு பெட்டி இருப்பதாகக் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் காகிதத்தைக் கையிலேயே வாங்கவில்லை.

"நீங்க பாத்தீங்களா சார்?" என்றார்.

கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டர் வந்து பார்த்ததா என்று கேட்டுவிட்டு எழுந்து நடந்தார். நான் டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்றுதான் இருந்தது. ஒரு பெட்டியை டெஸ்டிங்கில் பிரித்துப் போட்டிருந்தார்கள், யாரும் குறித்துவைக்கவில்லை. திருத்தி அடித்துக்கொண்டு வரச் சொன்னார். கோபமில்லை, ஜெயித்த முகமும் இல்லை. எப்போதும் இப்படித்தான் ஆகும் என்பதுபோல அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வார்களே, அவரைப் பொறுத்தவரை தீர விசாரிப்பது என்றால் போய்த் தொட்டுப் பார்ப்பது. ஒருமுறை வெளியிலிருந்து வாங்கின டிரான்ஸ்பார்மர்கள் வந்து இறங்கின. செம்புக் கம்பி சுற்றியது என்று சான்றிதழ், அதில் மூன்று கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. அவர் ஒன்றைத் தூக்கினார், கீழே வைத்தார், இன்னொன்றைத் தூக்கினார். கனம் போதவில்லை என்றார். கொண்டுவந்த ஆள் கன்னடத்தில் சத்தம் போட்டான், இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம் என்றான். அவர் நிதானமாக "ஹௌதா?" என்று கேட்டார். அப்படியா என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் சொல், ஆனால் அவர் வாயில் அது அப்படியா என்று ஒலிக்காது, அளக்காதே என்று ஒலிக்கும். ஒன்றை அறுத்துப் பார்த்தோம். உள்ளே அலுமினியக் கம்பி. அன்றைக்கு எம்.டி. அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எதற்குத் திடீரென்று பாராட்டுகிறார் என்று அவர் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கையும் உண்டு. ஸ்டேஷனில் வண்டி ஒன்றாம் பிளாட்பாரம் என்று அறிவித்தால் நடைமேம்பாலத்திலேயே நிற்பாராம், எஞ்சின் எந்தத் தண்டவாளத்தில் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்குவாராம். லைன் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் அவர்களும் கூடவே நிற்பார்கள். ஊழியர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற வழக்கத்தை எச்.ஆர். கொண்டுவந்தபோது, போன வருடமும் இவர்களெல்லாம் பிறந்துதானே இருந்தார்கள், இந்த வருடம் என்ன வந்தது என்று கேட்டார். ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் கம்பெனிப் பங்கு தருகிறோம் என்றபோதும் அவர் மட்டும் வாங்கவில்லை. சல்லிசாகத் தருகிற அளவுக்கு நல்ல பொருளென்றால் அவர்களே வைத்துக்கொள்ளமாட்டார்களா என்றார். வாங்கினவர்களுக்கு இன்றைக்கு அது நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. அந்த விஷயத்தில் அவர் சந்தேகம் அவருக்கு நஷ்டம்தான், அதையும் சொல்லவேண்டும்.

சிக்கல் ஆரம்பித்தது ஒரு கூட்டத்தில். எம்.டி. ஹாசன் பக்கத்துக்காரர், நன்றாகப் பேசுவார். கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, கையில் எவ்வளவு ஆர்டர் இருக்கிறது என்று திரையில் காட்டினார். நான் தயாரித்த படம். பச்சைக் கட்டங்கள் வருடத்துக்கு வருடம் உயர்ந்துகொண்டே போயின. கடைசிக் கட்டம் திரையின் மேல்விளிம்பைத் தொட்டது, கொஞ்சம் நானே அப்படி அமைத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் ஸ்டோர்ஸ் மேடம் எழுந்து நின்றார்.

இதில் எவ்வளவு வந்தாகிவிட்டது, எவ்வளவு வரப்போகிறது என்று கேட்டார். எம்.டி. என்னைப் பார்த்தார். உண்மை என்னவென்றால் அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் இன்னும் ஆர்டர் ஆகவில்லை. வாங்க விருப்பம் இருக்கிறது என்று வந்த கடிதங்களையும் சேர்த்துத்தான் கட்டத்தை உயர்த்தியிருந்தோம். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் காட்டுவார்கள். நான் எழுந்து, விருப்பக் கடிதம் என்றால் என்ன, அது எப்படி ஆர்டராக மாறும் என்று விளக்கினேன்.

"அப்போ பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்கோ. இன்னும் தட்டு மாத்தல," என்றார் அவர்.

தமிழ் தெரிந்த பாதிக் கூட்டம் சிரித்தது. எம்.டி. பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் எம்.டி. சிரிக்கவில்லை.

பிற்பாடு ஒருநாள் நான் மேடத்திடமே கேட்டேன், கூட்டத்தில் வைத்து அப்படிக் கேட்டிருக்கவேண்டுமா என்று. அவர் சொன்ன பதில் நீளமானது. சுரங்கம் மூடின பிறகு அவர் ஊரில் அடுத்த மாதம் திறக்கிறார்கள், அடுத்த மாதம் திறக்கிறார்கள் என்று சொல்லாத ஆள் கிடையாதாம். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது மேடையில் நின்று சொல்வார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் அதை நம்பி வெளியூர் வேலைக்குப் போகாமலே உட்கார்ந்து கிழவரானாராம். வரும் என்கிற சொல்லைக் கேட்டாலே எந்தத் தேதி என்று கேட்கத் தோன்றுகிறது சார் என்றார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்டோர்ஸ் மேடம் யாரோடு பேசுகிறார், என்ன எழுதுகிறார் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேறு கம்பெனிக்கு விஷயம் போகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். மேடத்திடம் ஒரு சிவப்பு அட்டை நோட்டு உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். மணிக்கு ஒருதரம் எதையோ எழுதுவார், யாராவது கிட்டே போனால் மூடிவிடுவார். எனக்கும் அந்த நோட்டின் மேல் ஒரு கண் உண்டு. சந்தேகம் தொற்றுநோய் மாதிரிதான். எனக்கு வந்தபோது அது அவரையே குறிவைத்து வந்தது. காரணமில்லாமல் ஸ்டோர்ஸ் பக்கம் போக ஆரம்பித்தேன். அவர் போனில் பேசினால் நடையைக் குறைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் நான் போய் நின்றதும் நோட்டைத் திறந்து மேஜையில் என் பக்கமாகத் திருப்பிவைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடதுபுறம் சொன்னது, வலதுபுறம் நடந்தது. யார் யார் என்னென்ன சொன்னார்கள், அது எப்படி முடிந்தது என்று தமிழில் வரிசையாக எழுதியிருந்தார். வண்டி பத்து நிமிடம் தாமதம் என்றார்கள், நாற்பது நிமிடம். எம்.டி. தீபாவளிக்குள் புது ஷெட் என்றார், பொங்கல் ஆகியும் இல்லை. கேன்டீன்காரர் நாளை முட்டை என்றார், போட்டார். எனக்கு ஒரு தனிப் பக்கம் இருந்தது. சம்பளம் ஒன்றாம் தேதி என்றேன், மூன்றாம் தேதி வந்தது, அது ஒன்றுதான் தப்பு. மற்றதெல்லாம் சொன்னபடியே நடந்திருந்தது.

"உங்க பக்கம் பரவால்ல சார்," என்றார்.

எனக்கு அன்றைக்கு உண்டான சந்தோஷம் எந்தப் பதவி உயர்விலும் உண்டானதில்லை. எம்.டி.யிடம் போய் அந்த நோட்டில் ரயில் நேரம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அது பாதி பொய். எம்.டி. பேரில் இருந்த தப்புக் கணக்கை மறைத்தேன்.

அந்த மார்ச்சில்தான் விஷயம் முற்றியது. மும்பையிலிருந்து ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் எங்களிடம் பணம் போடத் தயாராக இருந்தது. அந்த வருட விற்பனை ஒரு அளவைத் தாண்டவேண்டும் என்பது நிபந்தனை. தாண்டினால் புது ஷெட், புது லைன். தாண்டாவிட்டால் செலவைக் குறைக்கவேண்டும், முதலில் காண்ட்ராக்ட் பெண்கள் பன்னிரண்டு பேரையும் புதுப்பிக்காமல் விடவேண்டும் என்று எம்.டி. முடிவு செய்திருந்தார். இதை ஸ்டோர்ஸ் மேடம் காதில் போட்டுவைக்கும்படி என்னிடம் சொன்னார். ஏன் அவர் காதில் போடச் சொல்கிறார் என்று அப்போதே புரிந்தது, புரியாததுபோல் போய்ச் சொன்னேன். எம்.டி. சொன்னாரா, நீங்களா சொல்கிறீர்களா என்று கேட்டார். எம்.டி. என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். நோட்டை எடுத்து இடதுபுறத்தில் எழுதிக்கொண்டார்.

அளவைத் தாண்ட பதினெட்டுப் பெட்டி விற்றாகவேண்டும். பெட்டிகள் தயாராகவே இருந்தன. ஆனால் எங்கள் தொழிலில் பெட்டி தயாரானால் விற்றதாக ஆகாது. ராணுவத் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்து சோதித்து, மூடியில் கம்பி கோத்து, எண் போட்ட ஈயச் சீலை நசுக்கிவைக்கவேண்டும். சீல் விழுந்த பெட்டிக்குத்தான் பில் போடலாம். அந்த எண்ணைப் பட்டியலில் எழுதி, அதில் ஸ்டோர்ஸ் மேடம் கையெழுத்துப் போடவேண்டும். இன்ஸ்பெக்டர் பத்துப் பெட்டிக்குச் சீல் வைத்தார். மீதி எட்டு இருக்கும்போது தார்வாடில் அக்கா மகள் கல்யாணம் என்று ஒரு வாரம் போய்விட்டார். கணக்கு வருடம் முடிய இரண்டே நாள் இருந்தது.

பெட்டிகளில் ஒரு குறையும் இல்லை, ஒரு வாரம் பொறுத்தால் எல்லாவற்றுக்கும் சீல் விழுந்துவிடும். இந்த நினைப்புத்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. இன்ஸ்பெக்டர் லாரிக்காரர்களின் டிரான்ஸ்போர்ட் ஷெட்டுக்கே நேராக வந்து சீல் வைப்பார் என்று சொல்லி, மத்தியானமே பதினெட்டுப் பெட்டியையும் லாரி ஏற்றினோம். அந்த எட்டும் கேட்டைத் தாண்ட ஸ்டோர்ஸ் மேடம் தற்காலிகச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் லாரியோடு போனேன். ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்தேன். பட்டியலில் முதல் பத்துப் பெட்டிக்கு எண்கள் இருந்தன. அதற்கு அடுத்த எட்டு எண்ணை வரிசையாக நானே டைப் செய்தேன். இன்ஸ்பெக்டர் திரும்பி வந்ததும் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

மேடம் வண்டிக்குக் கிளம்புகிற நேரம் எனக்குத் தெரியும். அதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலோடு வந்து நின்றேன். ஷெட்டுக்குப் போய்ப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கக் கூடாது என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜன்னல் வழியாக வேப்பமரத்தடியில் பெண்கள் நிற்பது தெரிந்தது. ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டியலை வாங்கி விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். கடைசி எட்டு வரிகளில் விரல் மெதுவாகப் போனது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த எட்டுக்கும் சீல் வெச்சத நீங்க பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்க்கா," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அங்கே இருந்த எட்டு வருடத்தில் அவர் பார்க்காமல் போட்ட முதல் கையெழுத்து. என் சொல்லை நம்பிப் போட்டார் என்று நினைத்தேன்.  

விற்பனை அளவைத் தாண்டியது. மும்பைப் பணம் வந்தது. பன்னிரண்டு பெண்களுக்கும் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் கல்யாணம் முடிந்து வந்து, ஷெட்டுக்குப் போய் எட்டுப் பெட்டிகளையும் சோதித்துச் சீல் வைத்தார். ஆனால் அவர் வைத்த எண்கள் வேறு. அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்த மனிதர் எங்கள் கம்பெனிக்கு மட்டும் வருகிறவர் அல்ல. அந்தப் பக்கத்தில் நாலைந்து கம்பெனிக்கு ஒரே சீல் கட்டோடு போகிறவர். இங்கே பத்து வைத்தால் அடுத்த எண்கள் வேறு கம்பெனியின் பெட்டியில் இருக்கும். இத்தனை வருடமாக எத்தனை பெட்டி என்றுதான் பார்த்திருக்கிறேன், என்ன எண் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. என் பட்டியல் ஏற்கெனவே பில்லோடு போய்விட்டது, மாற்ற வழியில்லை. நான் வரிசையாக டைப் செய்த எட்டு எண்களும் வேறொரு கம்பெனியின் கேபிள் பெட்டிகளில் இருந்தன. இரண்டு மாதம் கழித்து யாரோ ஒரு குமாஸ்தா இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கடிதம் வந்தது.

விசாரணை எங்கள் மீட்டிங் ரூமிலேயே நடந்தது. வெளியிலிருந்து இரண்டு பேர், எம்.டி., நிதித்துறை சார்பில் நான். பட்டியலில் இருந்தது ஒரே கையெழுத்து, அது அவருடையது. இந்த எண்கள் எப்படி வந்தன என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"டைப் ஆகி வந்திச்சு. நான் போய்ப் பாக்கல. கையெழுத்து போட்டேன்," என்றார்.

யார் டைப் செய்தது என்று கேட்டார்கள். ஞாபகமில்லை என்றார். கேன்டீன் முட்டையைக்கூடத் தேதிபோட்டு எழுதிவைக்கிற பெண்மணி. எனக்கு எழுந்து சொல்லவேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கடன், பிள்ளைப் படிப்பு என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடியது. உட்கார்ந்தே இருந்தேன்.

பெட்டிகள் நல்ல பெட்டிகள் என்பதால் கம்பெனியை எச்சரிக்கையோடு விட்டார்கள். அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அந்த வருட அறிக்கையில், கிடங்கு ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட பதிவுப் பிழை திருத்தப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கவேண்டியிருந்தது. அந்த வரியை எழுதினது நான். பங்கு விலை ஒருநாள் இறங்கி மறுநாள் ஏறிவிட்டது. வளர்ச்சி வாய்ப்புகள் வலுவாக உள்ளன என்று அதற்கு அடுத்த பத்தியில் எழுதினேன், அதுவும் உண்மைதான். அடுத்த வருடம் என்னை மேலாளர் ஆக்கினார்கள். என் மனைவி ஸ்டோர்ஸ் மேடத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். கவனக்குறைவால் வேலை போயிற்று என்று சொன்னபோது, "அவங்களுக்கா கவனக்குறைவு?" என்று கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மாதா கோவிலில் மகளின் முதல் நற்கருணைச் சடங்குக்கு வெள்ளைத் துணி எடுக்க, எங்கள் வீடு இருக்கிற லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகர் போனேன். மத்தியான நேரம், கடையில் கூட்டமில்லை. துணி எடுத்து, பணம் கட்டி, பையோடு வாசலுக்கு வந்தால், பில்லையும் பையையும் சரிபார்த்து ஓட்டை போட்டு அனுப்புகிற ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே கண்ணாடி. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம், வேலை பரவாயில்லை என்றார். என் மனைவியை விசாரித்தார், மகள் எந்த வகுப்பு என்று கேட்டார். அவர் அப்படிச் சாதாரணமாகப் பேசினது எனக்குப் பயமாக இருந்தது. என்ன மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று தேடிக்கொண்டே பதில் சொன்னேன். கடைசியில் பொறுக்கமுடியாமல், விசாரணையில் என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

சொல்லியிருந்தால் எம்.டி. லைன் பெண்களைச் சொல்லி நெருக்கினதும் வெளியே வந்திருக்கும், புதுப்பித்ததை நிறுத்தியிருப்பார்கள் என்றார். பிறகு, நான் கேட்காததையும் அவரே சொன்னார்.

"அந்த எட்டு நம்பரும் மொத பத்துக்கு அடுத்தாப்ல வரிசையா இருந்திச்சு சார். அந்த ஆளு சீலு ஒருநாளும் அப்படி வராது. பாத்ததும் தெரிஞ்சிடுச்சு, நீங்களா அடிச்சதுன்னு."

 தெரிந்திருந்தும் எதற்கு என்னைக் கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க இல்லன்னு சொல்லியிருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பேன். பன்னெண்டு புள்ளைங்க வெளிய நின்னுகினு இருந்திச்சுங்க, போடாம இன்னா பண்றது? ஆனா நீங்க எங்கிட்ட நெசம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் புர்கா போட்ட இரண்டு பெண்கள் பைகளோடு வந்து நின்றுவிட்டார்கள். அவர் என்னிடம் கையை நீட்டினார்.

பில்லைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தார். பையைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். எல்லோருக்கும் பார்ப்பதுதான் சார் என்று சொல்லிக்கொண்டே குனிந்து, வெள்ளைத் துணியை ஒதுக்கி, பையின் அடிவரைக்கும் கைவிட்டுப் பார்த்தார்.